ஆஸ்ட்ரோடோமின் தரை: செத்த புல்லும் ஜிப் வைத்த கம்பளமும்

#1 குவிமாடம்65

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கும் மூடிய கூரை அரங்கான ஆஸ்ட்ரோடோம் என்றாலே எல்லாரும் கூரையைப் பற்றித்தான் பேசுகிறோம். 642 அடி அகல வளைவு, உள்ளே 208 அடி உயரம், வெளிச்சம் விடும் 4,596 பலகைகள். ஆனால் பேஸ்பால் ஆடுவது தரையில். 1965 முதல் 1999 வரை ஆஸ்ட்ரோஸ் அணி ஆடிய அந்தத் தரை எப்போது, எதனால், எப்படி மாறியது என்பதை ஒரே இடத்தில் சரியாகப் பதிந்து வைப்போம். விவரம் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள்.

முதலில் அடிக்கடி கண்ணில் படும் மூன்று தவறுகள். செயற்கைப் புல் ஆஸ்ட்ரோடோமுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பது தவறு. 1966 சீசனின் முதல் நாளிலேயே மைதானம் முழுக்கக் கம்பளம் விரித்துவிட்டார்கள் என்பதும் தவறு. பேஸ்களை, அதாவது ரன் எடுக்க ஓடுபவர் தொட்டுச் செல்லும் தளங்களை, சுற்றி மட்டும் மண் விடும் அமைப்பு ஹூஸ்டனில் பிறந்தது என்பதும் தவறு. மூன்றையும் தேதியோடு சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வெயிலும் மழையும் படாத ஒரு தரை 1990களில் ஏன் அவ்வளவு மோசமாகிப் போனது?

#2 தரைக்காரர்

புல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

1965இல் உள்ளே போட்டது டிஃப்வே 419 என்ற ஒட்டுரகப் புல். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960இல் வெளிவந்த ரகம். அதன் பெற்றோரில் ஒன்று நம்ம அருகம்புல்லேதான். இன்னொன்று மெல்லிய இலை கொண்ட ஆப்பிரிக்க இனம். இந்த ஒட்டு விதை பிடிக்காது. தண்டைத் துண்டு துண்டாக நட வேண்டும், இல்லையென்றால் வளர்ந்த புல்தரையைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் பதிக்க வேண்டும்.

அருகம்புல்லின் குணம் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். வெயில் இருந்தால் வரப்பு முழுக்க ஓடும், மிதித்தாலும் வெட்டினாலும் திரும்ப வரும். அதையே புளியமரத்து நிழலில் வைத்தால் நிற்காது. டிஃப்வேயும் அப்படித்தான். நேர் வெயில் நாளுக்கு ஆறேழு மணி நேரமாவது வேண்டும். ஒளி குறைந்தால் முதலில் இலை நீண்டு வெளுக்கும், தரையோடு ஓடும் தண்டு அடர்த்தி குறையும், பிறகு மிதிபட்ட இடம் திரும்ப மூடாது. பேஸ்பால் மைதானத்தில் ஒவ்வொரு ஃபீல்டரும் தினமும் அதே இடத்தில் நிற்கிறார். அந்த இடங்கள்தான் முதலில் வழுக்கையாகும்.

எனவே அந்தக் கட்டடத்தில் புல் ஆரம்பத்திலிருந்தே கரணம் தப்பினால் மரணம் என்ற நிலையில்தான் இருந்தது. பலகைகள் தெளிவாக இருந்தவரை சமாளித்தது.

#3 மூன்றாம்தளம்

அந்தப் பலகைகள் தெளிவாக இருந்ததுதான் ஆட்டக்காரர்களுக்கு வினையாகிவிட்டது.

1965 ஏப்ரல் 9 அன்று யாங்கீஸ் அணியோடு நடந்த கண்காட்சி ஆட்டம் இரவில். மிக்கி மேன்டில் அடித்ததுதான் அங்கே முதல் ஹோம் ரன். ஜனாதிபதி ஜான்சனும் வந்திருந்தார். விளக்கொளியில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. பகலில் கதை வேறு.

கூரையின் உள்பக்கத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எஃகுச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிற்கின்றன. ஒவ்வொரு இடைவெளியிலும் லூசைட் என்ற அக்ரிலிக் பலகை. வெளியே டெக்சஸ் வெயில். கீழிருந்து பார்த்தால் கண்கூசும் வெளிச்சச் சதுரம், பக்கத்திலேயே கருப்புச் சட்டம், மறுபடி வெளிச்சம், மறுபடி கருப்பு. அந்தப் பின்னணியில் ஒரு வெள்ளைப் பந்து மேலேறினால் வெளிச்சத்தில் கரைந்துவிடும், சட்டத்தின் மேல் ஒரு கணம் தோன்றும், திரும்ப மறைந்துவிடும். திறந்தவெளியில் சூரியன் ஒரே இடத்தில் இருக்கும், கையுறையால் மறைத்துக்கொள்ளலாம். இங்கே கூரை முழுக்கவே சூரியன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். பந்துக்கு நிறம் பூசிப் பார்த்தார்கள், ஆரஞ்சு, மஞ்சள் என்று. எதுவும் சரிவரவில்லை. கடைசியில் பலகைகளுக்கே பெயின்ட் அடித்தார்கள். அடித்ததும் ஃபீல்டர்களின் பிரச்சினை தீர்ந்தது, புல்லின் பிரச்சினை தொடங்கியது.

#4 தரைக்காரர்

மூன்றாம்தளம் சொன்னதோடு சேர்த்து: அந்த 1965 சீசனின் பெரும்பகுதி செத்த புல் மேலும், பச்சைச் சாயம் அடித்த மண் மேலும்தான் நடந்தது. இதைப் பலர் கேட்டதுமே நம்ப மாட்டார்கள். உலகத்தின் எட்டாவது அதிசயம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அரங்கில், கேமராவுக்கும் பார்வையாளருக்கும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாயம்.

சாயம் அடித்த தரையில் ஆடுவதன் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், செத்த புல்லின் வேர் கொஞ்ச நாளைக்கு மண்ணைப் பிடித்துவைத்திருக்கும், அப்புறம் விட்டுவிடும். அதற்குப் பிறகு அது புல்தரை இல்லை, பொருக்குத் தட்டிய மண். பந்து ஒரு இடத்தில் எகிறும், இரண்டடி தள்ளி அமுங்கும்.

#5 நைலான்நூல்

இப்போது என் பங்கு. மான்சான்டோ கம்பெனி அந்தச் செயற்கைப் புல்லை கெம்கிராஸ் என்ற பெயரில் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. 1964இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் மோசஸ் பிரவுன் பள்ளியில் பதித்தும் விட்டார்கள். நகரத்துப் பிள்ளைகள் வருஷம் முழுக்க ஓடியாட ஒரு தரை வேண்டும் என்பதுதான் ஆரம்ப நோக்கம். ஃபேரியா, ரைட் என்ற இருவர் பெயரில் 1967இல் காப்புரிமை வந்தது. ஹூஸ்டனில் விரித்த பிறகுதான் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பொருள் நைலான். பட்டையான இழை, அரை அங்குல உயரம், அடித்துணியோடு சேர்த்துப் பின்னியது. இன்றைக்கு டர்ஃப் கிரவுண்டுகளில் பார்க்கிறோமே, நீள இழை, நடுவில் மணலும் ரப்பர் துகளும், அது வேறு தலைமுறை. பழையதில் நிரப்பும் பொருள் எதுவும் கிடையாது. அரை அங்குல நைலான் தூரிகை, அவ்வளவுதான். அதனால்தான் அதைக் கம்பளம் என்று அப்போதே சொன்னார்கள், சரியான பெயர்.

கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் பிடிக்கும். ரோலாகச் சுற்றி வருவதால் இழை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பதிக்கும்போது எல்லா ரோல்களும் ஒரே திசையில் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக நிறம் வேறுபடும், மெதுவாக உருளும் பந்தும் அந்த எல்லையில் வேகம் மாறும்.

ஹூஸ்டனில் விரித்ததில் இன்னொரு விசேஷம், துண்டுகளை நைலான் ஜிப் வைத்து இணைத்தார்கள். அரங்கில் பேஸ்பால் மட்டும் நடக்காது, தேவைப்பட்டால் கழற்றிச் சுருட்ட வேண்டும். தேதி: 1966 ஏப்ரலில் சீசன் தொடங்கும்போது கையிருப்பு போதவில்லை. இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உள்களத்தில், வழக்கமாகப் புல் இருக்கும் பகுதிக்கு மட்டும் விரித்தார்கள். அதற்கு வெளியே இருக்கும் அவுட்ஃபீல்ட், சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளை வரைக்கும் சாயம் பூசிய மண்தான். அணி நீண்ட வெளியூர்ப் பயணம் போயிருந்த நேரத்தில் மிச்சத்தைப் பதித்து, ஜூலை 19 அன்று முழுத் தரையோடு ஆடினார்கள்.

#6 குவிமாடம்65

நன்றி சார், இரண்டு தவறு தீர்ந்தது. மூன்றாவது, பேஸ்களைச் சுற்றி மட்டும் மண் விடும் அமைப்பு. 1966 இன்ஃபீல்ட் படங்களில் பேஸிலிருந்து பேஸுக்கு மண் வில் போலப் பெரிதாக வளைந்து வருகிறதே?

#7 மண்வாரி

ஆமாம், 1966இல் ஹூஸ்டனில் மண் வில் அப்படியே இருந்தது. புல் இருந்த இடத்தில் கம்பளம், மண் இருந்த இடத்தில் மண். 1968 ஏப்ரல் 15 அன்று மெட்ஸ் அணியோடு நடந்த 24 இன்னிங்ஸ் ஆட்டம் இந்த அமைப்பில்தான். ஆறு மணி ஆறு நிமிடம், 23 இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் ஒரு ரன் கிடையாது. கடைசியில் ஹூஸ்டனின் ஆஸ்ப்ரமான்டே அடித்த தரைப்பந்து மெட்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) அல் வைஸின் காலுக்கிடையில் போய்விட்டது. 1-0.

முழுக் கம்பள இன்ஃபீல்ட், பேஸைச் சுற்றி மட்டும் மண் பெட்டி என்ற அமைப்பு சின்சினாட்டியின் ரிவர்ஃபிரன்ட் ஸ்டேடியத்தில் 1970 ஜூன் 30 அன்று வந்தது. ஹூஸ்டன் அதைப் பார்த்து 1971இல் மாறியது. செயின்ட் லூயிஸின் புஷ் ஸ்டேடியம் கம்பளம் விரித்த பிறகும் 1976 வரை மண் வில்லை விடவில்லை. ஆக, மண் பெட்டி என்பது செயற்கைப் புல்லோடு கூடவே பிறந்தது இல்லை. தனியாக எடுத்த முடிவு. எனக்கு அந்த முடிவில் இன்றும் உடன்பாடு கிடையாது, காரணம் கீழே.

மண் பெட்டியின் பராமரிப்பு எளிது என்று நினைப்பார்கள். பரப்பு குறைவுதான், வேலை குறைவில்லை. சிக்கல் எல்லாம் விளிம்பில். ரன்னர் சறுக்கும்போது மண் கம்பளத்தின் மேல் சிதறும். அங்கே விழுந்த மண் நைலான் இழைக்குள் இறங்கிவிடும். நாளைக்கு நாள் ஏறி விளிம்பில் மெல்லிய மேடு கட்டும். அந்த மேட்டில் பட்ட தரைப்பந்து ஷார்ட்ஸ்டாப்பின் முகத்துக்கு வரும்.

செய்ய வேண்டியது இது. ஆட்டம் முடிந்ததும் முதலில் கம்பளத்தின் மேலிருக்கும் மண்ணைக் கைத்துடைப்பத்தால் பெட்டிக்குள் தள்ள வேண்டும், வெளியே அல்ல. அப்புறம் உறிஞ்சி இயந்திரம். அதன் பிறகு ஆணி பதித்த பலகையை இழுத்து மேல்மண்ணைக் கிளறி, கம்பி வலையால் சமன் செய்ய வேண்டும். இழுவை விளிம்புக்கு அரை அடி முன்பே திரும்ப வேண்டும், இல்லையென்றால் நாமே மண்ணை வாரிக் கம்பளத்தில் போடுகிறோம். அந்த அரை அடியைக் கைப்பலகையால் முடிக்க வேண்டும். மண்ணின் மட்டம் கம்பளத்தின் அடித்துணி மட்டத்தோடு நிற்க வேண்டும், இழை நுனியோடு அல்ல. தாழ்ந்தால் விளிம்பு தெரிந்து கால் தட்டும், உயர்ந்தால் பந்து எகிறும்.

மண் கலவை பொதுவாக மணல் 60 முதல் 70 சதவீதம், மிச்சம் களிமண்ணும் வண்டலும். களி கூடினால் வழுக்கும், காய்ந்தால் ஓடு போல் வெடிக்கும். மணல் கூடினால் கால் பிடிக்காது, சறுக்கும் ரன்னர் பள்ளம் தோண்டிவிடுவார். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. லேசாக, பல முறை. கூரைக்குள் காற்று ஓட்டம் ஒரே சீராக இருப்பதால் மண் அடியில் ஈரமாகவும் மேலே தூசியாகவும் பிரிந்து நிற்கும். வெளி மைதானத்துக்காரர் கண்பார்வையில் ஈரம் சொல்லும் பழக்கம் இங்கே ஏமாற்றும், சாவியைக் குத்திப் பார்க்க வேண்டும். சாவி சுத்தமாக இறங்கி, மண் ஒட்டாமல் வெளியே வந்தால் சரி.

மண்ணும் கம்பளமும் சந்திக்கும் கோடு நீளமாக இருந்தாலும் ஒரே கோடாக இருந்தால் ஃபீல்டர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பெட்டிகளில் அது நான்கு இடத்தில், ஆட்டத்தின் மிக நெருக்கடியான நான்கு இடத்தில் இருக்கிறது. அதுதான் என் மனக்குறை.

#8 இரட்டைஆட்டம்

மண்வாரி அண்ணா, ரன்னர் பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டி ஒரு வரம். முதல் பேஸிலிருந்து லீட் எடுத்து (பந்து எறியும் முன்பே சில எட்டு நகர்ந்து) நிற்கும் இடம் பெட்டியின் விளிம்பை ஒட்டி வரும். முதல் இரண்டு எட்டு கம்பளத்தில், நழுவாது, பள்ளம் கிடையாது. சறுக்குவது மண்ணில். ஆஸ்ட்ரோஸின் சீசார் செடேன்யோ 1972 முதல் 1977 வரை ஆறு வருஷம் தொடர்ந்து 50 அல்லது அதற்கு மேல் பேஸ் திருடியது (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தது) இந்தத் தரையை வீட்டு மைதானமாக வைத்துக்கொண்டுதான்.

காலணி விஷயமும் உண்டு. கம்பளத்துக்கு இரும்பு முள் கூடாது, அடிப்பாகம் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த காலணி. ஆனால் பந்து எறியும் பிட்சருக்கு, அவர் நிற்கும் மண்மேடான மவுண்டில் முள் தேவை. பேட்டர் பன்ட் ஆடும்போது (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடும்போது) பிட்சர் மவுண்டை விட்டுக் கம்பளத்தில் இறங்கித் திரும்பினால் முள் பிடிக்காமல் போகலாம், அல்லது இழையில் மாட்டிக்கொள்ளலாம். எதிரணிகள் இதற்காகவே மூன்றாம் பேஸ் பக்கம் பன்ட் தள்ளுவது நல்ல ஆட்ட அறிவு.

#9 மூன்றாம்தளம்

ஃபீல்டிங் எப்படி மாறியது என்று சொல்லாமல் இந்த உரையாடல் முழுமையாகாது.

இயற்கைப் புல் பந்தின் வேகத்தை ஒவ்வொரு துள்ளலிலும் தின்னும். நைலான் தின்னாது. அதனால் இன்ஃபீல்டர்கள் இரண்டு மூன்று எட்டு பின்னால் நின்றார்கள். பின்னால் நின்றால் முதல் பேஸுக்கு எறியும் தூரம் கூடும். அதற்கு சின்சினாட்டி ஷார்ட்ஸ்டாப் டேவ் கன்செப்சியோன் ஒரு வழி கண்டார்: பந்தை நேராக எறியாமல், முதல் பேஸ்மேனுக்குச் சில அடி முன்னால் கம்பளத்தில் ஒரே ஒரு துள்ளல் விழும்படி எறிவது. கம்பளத்தில் துள்ளல் நேராக வரும் என்பதை நம்பலாம், மண்ணில் நம்ப முடியாது. உயரமாகத் தூக்கி எறிவதைவிட இது சீக்கிரம் போய்ச் சேரும். முழுக் கம்பள இன்ஃபீல்ட் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். மண் வில்லில் துள்ளவிட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பேட்டர்களுக்கு இன்னொரு லாபம். பந்தை மேலிருந்து கீழே அடித்து ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் தளத்துக்கு) முன்னால் குத்தினால் தலைக்கு மேல் எழும்பும். அது இறங்கி வருவதற்குள் வேகமான ரன்னர் முதல் பேஸைத் தாண்டியிருப்பார்.

அவுட்ஃபீல்டில்தான் கண்ணீர். முன்னால் ஓடிவந்து ஒரு துள்ளலில் பிடிக்கப் போனால் பந்து தோளுக்கு மேல் தாண்டிச் சுவர் வரை ஓடும். 1966இல் அங்கே ஓரக் கோடுகள் 340 அடி, இடைவெளிப் பக்கங்கள் 390, நடு 406. இரண்டு ஃபீல்டருக்கு நடுவில் போன பந்து 390 அடி வரை நிற்காமல் உருண்டால் டிரிபிள்தான், அதாவது பேட்டர் மூன்றாம் பேஸ் வரை போய்விடுவார். ஹோம் ரன் அரிதான அந்தப் பெரிய மைதானத்தில் கம்பளம்தான் பேட்டருக்குக் கிடைத்த ஒரே ஈடு. ஆஸ்ட்ரோடோம் பிட்சர்களின் மைதானம் என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதன் மறுபாதி இது.

#10 இரட்டைஆட்டம்

கம்பளம் கோடையில் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும், ஷூ உருகும் என்று படித்தது ஆஸ்ட்ரோடோமுக்கும் பொருந்துமா?

#11 நைலான்நூல்

பொருந்தாது. அது செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி போன்ற திறந்தவெளிக் கம்பளங்களின் கதை. கரும்பச்சை நைலான் வெயிலை உறிஞ்சும், இயற்கைப் புல் போல நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளாது, கீழே தார்த்தளம் வேறு. ஆஸ்ட்ரோடோமில் குளிர்சாதனம் 22 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வைத்திருந்தது, கூரைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, நேர் வெயில் தரையைத் தொடவே இல்லை.

மழை நீரை உறிஞ்சும் வண்டி, தானாக விரியும் தார்ப்பாய் இதெல்லாமும் அங்கே தேவைப்படவில்லை. புஷ் ஸ்டேடியத்தில் 1985 அக்டோபர் 13 அன்று தானியங்கித் தார்ப்பாய் உருளை செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரர் வின்ஸ் கோல்மேனின் காலில் ஏறி அவர் உலகத் தொடரையே இழந்தார். ஹூஸ்டனில் மழையால் ஒரு ஆட்டம் நின்றது 1976 ஜூன் 15. அதுவும் உள்ளே நனைந்து அல்ல. ஊரே வெள்ளத்தில் மூழ்கி நடுவர்களும் ரசிகர்களும் வர முடியவில்லை. முன்னாடியே வந்துவிட்ட இரண்டு அணிகளுக்கும் கம்பளத்தின் மேல் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். தரை ஈரமே ஆகவில்லை.

சுத்தம் செய்வதற்கு விண்வெளி வீரர் உடை போட்ட ஆட்கள் இன்னிங்ஸ் நடுவில் உறிஞ்சி இயந்திரத்தோடு வந்தார்கள். பெயர் எர்த்மென். பார்ப்பதற்குக் காட்சியாக இருந்தாலும் அது அவசியமான வேலை, மண்வாரி சொன்ன அதே விளிம்புத் தூசிக்காக.

#12 எழும்பூர்மட்டை

பேஸ்பால் எனக்குப் புதிது. ஹாக்கிக்காரன் கேள்வி: எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துத் தரையை எல்லாரும் ஆஸ்ட்ரோடர்ஃப் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா?

#13 நைலான்நூல்

பெயர் ஒரே வேர். ஒரு கம்பெனியின் வணிகப் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியபோது இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது, அதிலிருந்து அந்தச் சொல் நம் விளையாட்டுப் பக்கங்களில் நிலைத்துவிட்டது.

வேலை செய்யும் விதம் வேறு. ஹாக்கித் தரைக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் அடித்து நனைப்பார்கள். பந்து துள்ளாமல் தரையோடு வேகமாக வழுக்கிப் போக வேண்டும், விழுந்தால் தோல் உரியக் கூடாது. பேஸ்பால் கம்பளம் காய்ந்தே இருக்க வேண்டும். பந்து நனைந்தால் பிட்சர் விரல் பிடிக்காது. காய்ந்த நைலானில் டைவ் அடித்தால் முழங்கையும் தொடையும் எரிந்து தோல் வழண்டு போகும், அதற்கு நீளக் கைச் சட்டையும் முழங்கைப் பட்டையும்தான் பாதுகாப்பு.

#14 குவிமாடம்65

சரி, என் கடைசிக் கேள்விக்கு வருவோம். வெயில் இல்லை, மழை இல்லை. பின் எப்படிக் கெட்டது?

#15 தரைக்காரர்

கம்பளம் கெடுவது மூன்று இடத்தில். இழை, தையல், அடித்திண்டு.

இழையை வெளியே வெயில் கொல்லும். கூரைக்குள் அந்த எதிரி இல்லை, ஆகவே மேலே பார்க்கத் தரை நன்றாகவே இருக்கும். ஏமாற்றுவது அதுதான்.

தையலைக் கொல்வது கழற்றி மாட்டுவது. ஆஸ்ட்ரோடோமில் பேஸ்பால், கால்பந்து (அமெரிக்கன்), கால்நடைக் கண்காட்சியும் ரோடியோவும் (குதிரை, காளை அடக்கும் போட்டி), குத்துச்சண்டை, கூடைப்பந்து எல்லாம் நடந்தன. பேஸ்பாலிலிருந்து கால்பந்துக்கு மாற்ற, கீழ்த்தட்டு இருக்கைகளை அப்படியே தண்டவாளத்தில் 35 டிகிரி சுழற்றுவார்கள். மவுண்ட் போக வேண்டும், மண் பெட்டிகளை மூட வேண்டும், அவற்றின் மேல் கம்பளத் துண்டு வர வேண்டும். ரோடியோவுக்குக் கம்பளமே போய் லாரி லாரியாக மண் வரும். ஒவ்வொரு முறை இழுத்துப் பொருத்தும்போதும் விளிம்பு கொஞ்சம் நீளும். நைலான் துணி நீண்டால் திரும்பச் சுருங்காது. இரண்டு துண்டும் ஒரே அளவில் நீளவும் செய்யாது. அப்புறம் ஒன்று அலையாக எழும்பும், மற்றது இடைவெளி விடும். இழுத்து ஒட்டினால் அலை வேறு இடத்தில் கிளம்பும். பாயை ஒரு மூலையில் சரிசெய்தால் எதிர்மூலை மடங்குகிறதே, அதே கதை.

1995 ஆகஸ்டில் ஆயிலர்ஸ், சார்ஜர்ஸ் என்ற அமெரிக்கன் கால்பந்து அணிகள் ஆட வேண்டிய சீசனுக்கு முந்தைய ஆட்டத்தைத் தரை சரியில்லை என்று ரத்தே செய்தார்கள்.

மூன்றாவது, அடித்திண்டு. கம்பளத்துக்குக் கீழே தார் அல்லது கான்கிரீட், நடுவில் நுரைத் திண்டு. வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து நுரையின் காற்றறை நசுங்கும். கண்ணுக்குத் தெரியாது. தரை கல்லாகிவிடும். இதை அளக்க ஒரு சோதனை உண்டு: 20 பவுண்டு எடையை இரண்டு அடி உயரத்திலிருந்து போட்டு, மோதலின் உச்ச அதிர்ச்சியைப் படிப்பது. ஜி-மேக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் சில முறை போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 200ஐத் தொட்டால் அந்த இடத்தில் ஆடக் கூடாது. ஒரே மைதானத்தில் மூலைக்கு மூலை எண் வேறுபடும் என்பதால் மையத்தில் மட்டும் அளந்து திருப்திப்படக் கூடாது. ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடம், ஹோம் பிளேட்டுக்கு முன், தையல் கூடும் இடம், மூடிய மண் பெட்டியின் மேல் என்று தனித்தனியாக வேண்டும். மூடிய பெட்டிக்குப் பக்கத்திலேயே மென்மை திடீரென மாறும்.

பிலடெல்பியாவின் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் 1993 அக்டோபர் 10 அன்று பேர்ஸ் என்ற அமெரிக்கன் கால்பந்து அணியின் வெண்டல் டேவிஸுக்கு யாரும் மோதாமலே இரண்டு முழங்கால் தசைநாணும் ஒரே நேரத்தில் அறுந்தன. பாதம் தரையில் பூட்டிக்கொண்டால் திருகும் விசை எங்கே போகும்? மேலே, முழங்காலுக்கு. மண்ணும் புல்லும் ஒரு கட்டத்தில் பிய்ந்து விட்டுக்கொடுக்கும். இந்தக் கம்பளம் விட்டுக்கொடுக்காது. ஆட்டக்காரர்கள் வெறுத்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான், அழகு அல்ல.

#16 மண்வாரி

தரைக்காரர் சொன்ன மூன்றோடு இன்னொன்று சேர்க்கலாம், மவுண்ட். 1969 முதல் உயரம் 10 அங்குலம், விட்டம் 18 அடி, பிட்சர் பலகைக்கு அரை அடி முன்னாலிருந்து ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று சரிவு. ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் இந்தச் சரிவை மட்டக்கயிறு கட்டி அளந்தே ஆக வேண்டும். கால் ஊன்றும் இடத்தில் கட்டிக் களிமண் தனியாகப் பதித்து இடிக்காவிட்டால் மூன்றாவது இன்னிங்ஸிலேயே குழி விழும். பல பயன்பாட்டு அரங்குகளில் பிட்சர்கள் புகார் சொன்னது பெரும்பாலும் இந்த ஒட்டுப்போட்ட களிமண்ணைப் பற்றித்தான்.

#17 படத்தொகுப்பாளர்

பழைய படம், அஞ்சலட்டை சேர்ப்பவர்களுக்கு இந்த உரையாடல் பெரிய உதவி. மேலே சொன்னவற்றை வைத்துத் தேதி பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

கூரைப் பலகை வழியாகத் தரையில் வெயில் சதுரங்கள் விழுந்திருந்தால் 1965இன் ஆரம்பம். கூரை மங்கல், அவுட்ஃபீல்டில் சீரற்ற பச்சை, இன்ஃபீல்டிலும் அதே மந்தம் என்றால் அதே வருஷத்தின் பிற்பகுதி. இன்ஃபீல்ட் உட்சதுரம் மட்டும் ஒரே சீரான பளிச்சென்ற பச்சை, அவுட்ஃபீல்ட் மந்தமாக இருந்தால் 1966 ஏப்ரல் முதல் ஜூலைக்குள். மிகக் குறுகிய காலம், அந்தப் படங்கள்தான் அரிது. முழுக்கக் கம்பளம், ஆனால் மண் வில் இருந்தால் 1966 ஜூலை முதல் 1970 வரை. மண் பெட்டிகள் வந்துவிட்டால் 1971 அல்லது அதற்குப் பிறகு. நடுக்களத்துக்குப் பின்னால் 474 அடி நீள ஸ்கோர்போர்டு இல்லாமல் அந்த இடத்திலும் இருக்கைகள் இருந்தால் 1988 சீசனுக்குப் பிறகு.

2013இல் இருக்கைகளோடு கம்பளத்தையும் ஓரடிச் சதுரமாக வெட்டி விற்றார்கள். அதை வைத்திருப்பவர்கள் 1966 துண்டு என்று நினைத்து விலை கொடுக்க வேண்டாம். நடுவில் கம்பளம் பல முறை மாறியிருக்கிறது. துண்டைப் பாதுகாக்க: வெயில் படும் ஜன்னலுக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டக் கூடாது, கூரைக்குள் இத்தனை வருஷம் தப்பிய நைலான் உங்கள் சுவரில் வெளுத்துவிடும். அடியில் நுரைத் திண்டு ஒட்டியிருந்தால் அது பொடியாக உதிரும், அதைப் பிரித்துத் தனி உறையில் வையுங்கள். மடிந்த இழையை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம், லேசான நீராவியும் மென்மையான தூரிகையும் போதும். இழை சாயும் திசைக்கு எதிராகத் துலக்குங்கள்.

#18 குவிமாடம்65

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பதிவில் இருந்த மூன்று தவறுக்கும் கீழே சரியான தேதிகளைச் சேர்த்துவிட்டேன்: 1964 பிராவிடன்ஸ், 1966 ஜூலை 19, 1970 சின்சினாட்டி (ஹூஸ்டனில் 1971).

படத்தொகுப்பாளர் சார், 1966 ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எடுத்த வண்ணப் படம், இன்ஃபீல்டும் அவுட்ஃபீல்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி, உங்களிடம் இருந்தால் மண் வில்லுக்கு வெளியே இருக்கும் எல்லையைப் பெரிதாக்கி இங்கே போட முடியுமா? சாயம் பூசிய மண்ணும் இன்ஃபீல்ட் மண்ணும் சந்திக்கும் இடத்தில் பலகை வைத்துத் தடுத்தார்களா, வெறுமனே விட்டுவிட்டார்களா என்று மண்வாரி பார்த்துச் சொல்லிவிடுவார்.